வாய்க்கு அறிவுரை, வயிற்றுக்குப் பாமாயிலா?

தமிழ்நாட்டில் இற்றை நாள் மலிந்து கிடப்பவை இரண்டு. ஒன்று, தெருமுனைதோறும் நெருப்புப் பறக்கும் இரும்புச் சட்டியில் கிளறித் தரப்படும் விரைவுணவு. மற்றொன்று, அதனை உண்ணாதே என்னும் அறிவுரை. முன்னதற்குக் காசு கொடுத்தல் வேண்டும். பின்னது விலையின்றியே கிடைக்கும். தொலைக்காட்சியைத் திறந்தால் மருத்துவர் சொல்கின்றார். கைப்பேசியைத் திறந்தால் மருத்துவர் அல்லாதாரும் சொல்கின்றனர். கேழ்வரகு உண்க, கம்பு உண்க, கீரை உண்க, பழம் உண்க, செக்கெண்ணெய் ஊற்றுக என்று அடுக்குவோர், இவற்றை எந்தக் காசில் வாங்குவது என்னும் ஒரு கேள்வியை மட்டும் மறந்தும் கேட்பதில்லை. ஏழை தன் அறியாமையாலும் நாக்கடிமையாலுமே கெட்டான் என்று தீர்ப்பு மட்டும் எழுதிவிடுகின்றனர். அத் தீர்ப்புப் பொய்த் தீர்ப்பு.

(‘துரித உணவு’ என்று வடசொல்லை ஒட்டவைத்து எழுதுவாரும் உளர். விரைவு என்னும் தூய சொல் இருக்கத் துரிதத்திற்கு என்ன விரைவோ!)

விரைவுணவு தமிழனுக்குப் புதிதன்று. முதல்நாள் சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாட் காலையில் உப்பிட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணும் பழையதினும் விரைந்த உணவு உலகில் யாது? கம்பங்கூழ், அவல், பொரி, அவித்த நிலக்கடலை, சுண்டல், பனங்கிழங்கு ஆகியவையெல்லாம் வழிநடைக்கும் வயல்வேலைக்கும் உரிய விரைவுணவுகளே. ஆகலின் விரைவில் குற்றமில்லை. தவிடும் முளையும் நீக்கி வெளுக்கப்பட்ட மைதாவும், காய்ந்த சட்டியிலேயே திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயும், அளவிறந்த உப்பும் சருக்கரையுமே குற்றவாளிகள். ஒருவர்க்கு ஒருநாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. உறையிலிட்ட நொறுவலும் நூடுல்சும் இரவுப் பரோட்டாவும் உண்பான் ஒருவன் அவ் வரையறையைக் காத்தல் அரிதினும் அரிது.

இதன் விளைவு கணக்கிலேயே தெரிகின்றது. நாட்டுக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களுள் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையினர். 2019-21இல் அது 40.4 ஆயிற்று. அதே 2019-21 ஆய்வில் 15 முதல் 49 அகவைப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகையுடையர். ஒரு நாட்டுப் பெண்டிர் ஒரே காலத்தில் பருத்தும் வெளிறியும் போவது எங்ஙனம்? வயிறு நிரம்புகின்றது, உடல் ஊட்டம் பெறவில்லை என்பதே பொருள். மிகுதியாக உண்டு கெட்டவர் கூட்டம் ஒன்று, உண்ணாது கெட்டவர் கூட்டம் வேறொன்று என்று பிரித்துப் பார்ப்பது பழைய கணக்கு. இன்று இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில் குடியிருக்கின்றன.

இவ்விடத்தில் தமிழன்பர் மேல் ஒரு குறை சொல்லியாக வேண்டும். மேடையேறினால் போதும்; வரகும் தினையும் கொள்ளும் அவரையுமே உணவு என்று அறைந்த புறநானூற்று 335ஆம் பாட்டைக் காட்டுவர்; ‘மருந்து’ என்னும் குறள் அதிகாரத்தை விரித்துரைப்பர்; கைதட்டும் பெறுவர். அந்த வரகரிசி இன்று என்ன விலை விற்கின்றது, அதனைக் கூலிக்காரி ஒருத்தி வாங்க இயலுமா என்று அவருள் எத்தனைபேர் கடைக்குச் சென்று கேட்டனர்? பாட்டில் வரகு மலிவு. அங்காடியில் அது பங்கீட்டு அரிசி உண்பவனுக்கு எட்டாப் பொருள். ஏழையின் உணவாயிருந்த ஒன்று செல்வரின் நோய்நீக்கியாக மாறி, வண்ண உறையில் புகுந்துகொண்டது.

இது ஏன் நேர்ந்தது என்பதை ஆய்ந்து பார்த்தல் வேண்டும். கேழ்வரகும் கம்பும் அடித்தால் எளிதில் மணியாகும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி முதலிய சிறுகூலங்களோ உமி இறுகப் பற்றியவை. அவற்றுள்ளும் வரகு மிக வன்மையானது. முற்காலத்தில் இவ்வுமியை நீக்கியது பெண்ணின் தோள். விடியுமுன் எழுந்து உரலில் குத்தியும் திருகையில் திரித்தும் புடைத்தும் அவள் பட்ட பாட்டைப் பாட்டாகப் பாடினரேயன்றி, அதற்குக் கூலி கொடுத்தார் ஒருவருமிலர். நெல்லரைவை ஆலையும் பங்கீட்டு அரிசியும் வந்தபோது அவள் உலக்கையை மூலையிற் சார்த்தினாள். அதனைக் குற்றமென்று கூற யாருக்கும் நாவில்லை. ஆனால் நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வைத்தவர், சாமைக்கும் வரகுக்கும் அங்ஙனம் வைக்கவில்லை. கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் விளையும் சாமை உமியோடு மலையிறங்கி, எங்கோ உமி நீங்கி, உறையேறி, விலையேறித் திரும்புகின்றது. உமி நீக்கிய மணி நெடுநாள் தாங்காது, விரைவில் சிக்கெடுக்கும் என்பதால் அவ்விழப்பையும் வணிகர் விலையில் ஏற்றுவர். நடுவண் அரசு 2025-26இல் கேழ்வரகுக்குக் குவிண்டால் ஒன்றிற்கு 4,886 உருபா அடிப்படை விலை அறிவித்தது. சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் அத்தகைய அடிப்படை விலையே கிடையாது. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுகூல ஆண்டாகக் கொண்டாடி விருந்துகள் நடந்தன. விளைவித்தவனுக்கு விலை உறுதி மட்டும் வரவில்லை.

இனிப் பங்கீட்டுக் கடைக்கு வருக. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. பட்டினியை விரட்டிய அச் செயலைப் பழிப்போன் பட்டினி அறியாதவன். அதனோடு துவரம்பருப்பு ஒரு கிலோ 30 உருபாவுக்கும் பாமாயில் ஓர் இலிட்டர் 25 உருபாவுக்கும் தரப்படுகின்றன. பருப்பு நன்று. பாமாயில் எதற்கு? உலகிலேயே மிகுதியாகச் செம்பனை எண்ணெயை இறக்கும் நாடு இந்தியா. அதுவும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. நெஞ்சக நோய்க்கு வழிகோலும் நிறைகொழுப்பு பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்களவே. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் நிலக்கடலை விளைகின்றது. கடலை எண்ணெயைப் பங்கீட்டுக் கடையில் தருக என்று உழவர் பலகாலும் கேட்டுவிட்டனர். கடல்கடந்த எண்ணெய்க்குக் கொடுக்கும் விலைக்குறைப்புப் பணத்தை உள்ளூர்ச் செக்குக்குக் கொடுத்தால் உழவனும் பிழைப்பான், உண்பவனும் பிழைப்பான். அங்காடியில் கடலை எண்ணெய் பன்மடங்கு விலை விற்கும்போது, 25 உருபா எண்ணெயை விட்டு அதனை வாங்குக என்பது அறிவுரையா, எள்ளலா?

2023 மே திங்களில் நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில், 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. செய்ய இயலும் என்பதற்கு அதுவே சான்று. இரண்டு மாவட்டத்தில் இயன்றது எல்லா மாவட்டத்திற்கும் உரிய இயல்பான பங்கீடாதல் வேண்டும்.

வரியின் கதை இதனினும் கொடிது. 22-9-2025 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு வரி மாற்றத்தில், நூடுல்சின் மீதிருந்த 12 விழுக்காட்டு வரி 5 ஆகக் குறைந்தது. ஈரட்டி எனத் தூய தமிழில் வழங்கும் பிசுகோத்துக்கும் சாக்கலேட்டுக்கும் இருந்த 18 விழுக்காடும் 5 ஆயிற்று. உறையிலிட்டுப் பெயர் பொறித்த சிறுகூல மாவுக்கும் அதே 5 விழுக்காடுதான். குழந்தையைக் கெடுக்கும் பண்டமும் காக்கும் மாவும் அரசின் வரித்தட்டில் ஒரே நிறை! இனிப்பேற்றிய காற்றடை நீர்க்கு மட்டும் 40 விழுக்காடு வைத்தனர்; அதுவரையில் சரி. சருக்கரை நீராயிருந்தால் தீது, மாச்சில்லாயிருந்தால் நன்று என்னும் இம் மருத்துவத்தை எந்த நூலிற் கற்றனரோ. ஐந்து உருபாவுக்கு ஒரு முட்டை கிடைப்பது அரிது. ஐந்து உருபாவுக்கு ஓர் ஈரட்டிப் பொதி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அழும் பிள்ளையைத் தேற்றத் தாய் எதனை வாங்குவாள் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டா.

உணவின் விலை காசு மட்டுமன்று. காலமும் அதன் விலையே. கீரையை ஆய்வதற்கும், பயற்றை ஊறவைத்து அவிப்பதற்கும், கூழ் கிண்டுவதற்கும் பொழுது வேண்டும், எரிவளி வேண்டும், நிற்பதற்குக் காலில் வலு வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் பகலெல்லாம் நின்று, பேருந்தில் நெருக்குண்டு, இருட்டியபின் வீடு சேரும் பெண்ணுக்கு அம் மூன்றும் எங்கிருந்து வரும்? வழியிலே பரோட்டாக் கடை இருக்கின்றது, நான்கு வயிற்றுக்கும் பொட்டலம் கட்டித் தருகின்றான், உறங்கப் போகலாம். 2023 ஏப்பிரலில் 12 மணிநேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிலகச் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிலாளர் எதிர்ப்பால் மே முதல்நாளில் திரும்பப் பெறப்பட்டது. அச் சட்டம் நின்றிருப்பின், சிறுகூலம் உண்க என்று அப் பெண்ணுக்கு அறிவுரை கூறும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? ஆடவர் இங்குத் தப்பித்துக்கொள்ள வேண்டா. உலை வைப்பது பெண்ணின் கடன் மட்டுமே என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

நல்லுணவைக் கையிற் கொடுத்தால் தமிழர் உண்பரா என்று ஐயுறுவார் பள்ளிக்கூடங்களைப் பார்க்க. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்கு உணவு வழங்கியது. 1956இல் காமராசர் பகலுணவைத் தொடங்கினார். 1982இல் ம.கோ.இரா. அதனைச் சத்துணவாக விரித்தார். 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செபுதம்பர் 15 முதல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு படியிலும் ‘வீண்செலவு’ என்று முணுமுணுத்தவர் இருந்தனர். பிள்ளைகளோ தட்டோடு வந்தமர்ந்து உண்டனர். காய்கறிக் குழம்போடு தரும் பொங்கலை, நூடுல்சு அன்று என்பதற்காக எந்தப் பிள்ளையும் எறிந்துவிட்டு ஓடவில்லை.

உலகளவிலும் இதே நிலைதான். ஒன்றிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனமும் பிறவும் கூடி 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் நலமான உணவை விலை கொடுத்து வாங்க இயலாதார் 260 கோடி மாந்தர். இத்தனை கோடிப் பேரும் நாவடக்கம் இல்லாதவரா?

எஞ்சியது அறியாமை என்னும் குற்றச்சாட்டு. அறியவிடாது தடுத்துவிட்டு அறியவில்லை என்று பழிப்பது எவ்வகை நயன்மை? உறையிலிட்ட உணவின் மேல் உப்பு எவ்வளவு, சருக்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பொறிக்க வேண்டும் என்பது சட்டம். எந்த மொழியில்? நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகின்றது: ஆங்கிலத்தில், அன்றித் தேவநாகரி எழுத்தில் இந்தியில். பெயரைத் தமிழில் பெரிதாக அச்சிட்டு விற்கத் தெரிந்த நிறுவனம், உள்ளிருப்பதை மட்டும் எறும்பளவு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒளித்து வைக்கின்றது. வாங்குவதற்குத் தமிழ், அறிவதற்கு ஆங்கிலம்! சிலி நாடு 2016 முதல் உப்பும் சருக்கரையும் கொழுப்பும் மிக்க பண்டங்களின் முகப்பில் எண்கோணக் கருங்குறியிட்டு, ‘மிகுதி’ என்று மக்கள் பேசும் இசுபானிய மொழியிலேயே எழுதுவிக்கின்றது. படிக்கத் தெரிந்த சிறுவனும் கடையில் நின்றபடியே அறிந்துகொள்கின்றான்.

அதே ஆணையம் 2023 மார்ச்சில், தயிர் உறையின்மேல் ‘தகி’ என்று இந்திப் பெயரை முன்னிட்டு எழுதுக என்று ஆணையிட்டது. தமிழ்நாடும் கருநாடகமும் கொதித்தெழுந்தன, ஆவின் மறுத்தது, மார்ச்சு 30இல் ஆணை திரும்பிற்று. தயிர் என்னும் ஒரு சொல்லுக்காக ஒரு கிழமையில் வென்ற தமிழ்நாடு, உறையின் பின்புறத்து உப்புக் கணக்குக்காக இன்னும் எழவில்லை. தமிழில் எழுதுவதை அவ்வொழுங்குமுறை தடுக்கவுமில்லை, கட்டாயமாக்கவுமில்லை. ஆங்கிலமோ இந்தியோ எழுதியபின், விரும்பினால் வேறு மொழியும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கின்றது. அந்த ‘விரும்பினால்’ என்பதை நீக்கித் ‘தமிழ்நாட்டில் விற்பன தமிழில்’ என்று மாற்றச் செய்யுமாறு சட்டமன்ற உறுப்பினர்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் ஊர்தோறும் மடல் செல்லட்டும். கடலை எண்ணெய் பற்றிய வேண்டுகோளும் அதே மடலில் இடம்பெறலாம்.