கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம்?

சிட்னியிலும் மெல்பர்னிலும் புதிதாகக் கட்டப்படும் முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் போய்ப் பார்த்தால், பலவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வெளிர் சாம்பல் சுவர், கடற்கரைப் படம், கார்பெட், லாவண்டர் வாசனை, சத்தமே இல்லாத நடைவழி. மனதை அமைதிப்படுத்தும் வடிவமைப்பு என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் யாருடைய மனதை?

சுவர் நிறத்துக்கான சின்னச் சண்டை இல்லை இது. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 95,000 பேருக்கும் மேல். வேலைக்கு வந்தவர்கள், போருக்குத் தப்பி வந்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மா அப்பாக்கள். இவர்களில் எத்தனையோ பேருடைய கடைசி மாதங்கள் வீட்டில் கழியப்போவதில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், படுக்கையில் இருப்பவரை 24 மணி நேரமும் பார்த்துக்கொள்வது முடிகிற காரியமா? எல்லோருக்கும் தெரியும். பேசத்தான் மாட்டோம்.

அறை நோயாளியைப் பாதிக்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 1984இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது குணமாகிப் போகிறவர்களின் கதை. குணமாகப் போவதில்லை என்று தெரிந்தவர்களுக்காக லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவுகளிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்றார்.

அதனால்தான் இந்த இடங்கள் ஒருபோதும் பொதுவானவையாக இருந்ததில்லை. சிட்னி டார்லிங்ஹர்ஸ்டில் 1890இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், மெல்பர்ன் கியூவில் 1938இல் தொடங்கிய கரிட்டாஸ் கிறிஸ்டி இரண்டுமே கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் உருவாக்கியவை. தங்கள் மனிதர்கள் எப்படிப் போக விரும்புவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மெல்பர்னின் கிரேக்கச் சமூகமும் 1970களிலேயே ஃப்ரோண்டிதா கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, தங்கள் பெரியவர்களை அவர்கள் மொழியிலேயே பார்த்துக்கொள்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? மேற்கு சிட்னியில் ஓர் இல்லத்தில் இருந்த நண்பரின் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அருமையான அறை, குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "ஏன் தம்பி, இங்க யாருமே இல்லையா?" பத்துப் பேர் பேசுகிற, குக்கர் விசில் அடிக்கிற, டிவி ஓடுகிற வீட்டில் வாழ்ந்தவருக்கு அந்த நிசப்தம் அமைதியாகப் படவில்லை. தன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று, கட்டில். "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைத்துப் படுக்காதே" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஆக்சிஜன் இணைப்பு, அழைப்பு மணி, பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் ஒரே சுவரில் பதித்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் வடக்கே அமைந்தால் முடிந்தது கதை. கட்டிலைத் திருப்ப முடியாது. நமக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது கேள்வியே இல்லை; அங்கே படுத்திருப்பது நாம் இல்லை. முஸ்லிம் பெரியவருக்குக் கிப்லா திசையும் இப்படித்தான்.

"ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனியாகக் கட்ட முடியுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு சுவர்களில் இணைப்பு. படுத்தபடியே கண்ணில் படும் உயரத்தில் ஒரு தட்டு. அதில் முருகனோ மாதாவோ, ஆக்சிஜன் இருக்கும் அறைக்கு ஆபத்தில்லாத பேட்டரி விளக்கோ வைத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய். இரவு தங்கும் மகளுக்குப் படுக்கையாக விரியும் சோபா. ரசம் சூடுபண்ண, பத்துப் பேர் உட்கார்ந்து பேச, கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஒரு குடும்ப அறை. இத்தாலியருக்கும் வியட்நாமியருக்கும் கூட இவை உதவும்.

சாப்ட்வேரில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்: தேவை என்ன என்று முதலில் கேட்டால் செலவு குறைவு, கட்டி முடித்தபின் மாற்றினால் பல மடங்கு. சுவருக்கும் அதே கணக்குதான்.

கேட்பதற்கு இப்போது வழியும் இருக்கிறது. 2021இல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கையைத் தொடர்ந்து, முதியோர் இல்ல வடிவமைப்புக்கான தேசிய வழிகாட்டியை அரசு 2024இல் வெளியிட்டது. இடம் வீடு போல இருக்க வேண்டும், வெளியே போய்வர வசதி வேண்டும், சமூகத்தோடு தொடர்பு வேண்டும் என்கிறது அது. 'வீடு போல' என்றால் யார் வீடு போல என்பதை நாம் போய்ச் சொன்னால்தான் தெரியும். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் நம் சங்கங்கள், பக்கத்தில் ஓர் இல்லம் கட்டப்படும்போது வரைபடத்தைப் பார்க்கவும் ஒரு குழு அமைக்கலாம். விழா நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அம்மா அப்பாவிடம் கேளுங்கள்: காலையில் எந்தப் பாட்டு கேட்கணும், பக்கத்தில் யார் இருக்கணும், ஜன்னல் திறந்திருக்கணுமா, எந்தப் படம் கண்ணெதிரே வேண்டும். "இப்ப எதுக்குப்பா அதெல்லாம், அபசகுனமா" என்பார்கள். விடாதீர்கள். மறதி நோய் வந்தால் பிறகு கற்ற ஆங்கிலம்தான் பலருக்கு முதலில் நழுவுகிறது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள அப்போது அறையில் யாரும் இல்லாமல் போகலாம். அவர்கள் சொல்வதை இப்போதே ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு அந்த அறைக்குள் வரும் நர்ஸ் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.