காலண்டரில் ஓர் எண்



வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக அழைத்து வந்தாயிற்று. குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்தாயிற்று. ஆனால் அடுத்த மாதமே மறுபடியும் மூச்சுத் திணறல், மறுபடியும் அதே வார்டு! விருதுநகரில் எனக்குத் தெரிந்த மதினி ஒருத்திக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை இப்படி நேர்ந்தது. "மாத்திரை தவறாமல்தானே கொடுத்தேன்?" என்று கண்ணைக் கசக்கினாள்.

பாவம், பிழை அவளுடையதல்ல. உட்கார வைத்து விவரமாகச் சொல்வார் இல்லை. 'உப்பைக் குறையுங்கள்' என்றார்கள், குழம்பில் குறைத்தாள். சப்பென்ற சாப்பாட்டுக்குத் துணையாக ஊறுகாயும் அப்பளமும் கருவாடும், சாயங்காலம் சாத்தூர்க் காராச்சேவும் வந்து சேர்ந்துகொண்டன!

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை, தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உடம்பில் நீர் தேங்குகிறது. காலில் தேங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால், படுத்தால் மூச்சு முட்டும். உப்பு அந்த நீரைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். மூட்டு வலிக்கென்று நாமே கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவும் அப்படியே.

நீர் சேருவதை முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான். ஆகவே, தினமும் காலையில் கழிப்பறைக்குப் போய் வந்ததும், பலகாரத்துக்கு முன்னால் எடை பாருங்கள். சிவகாசியில் அச்சான மாதக் காலண்டர் வீட்டில் இருக்குமே, அன்றையக் கட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். மூன்றே நாளில் 2 கிலோ ஏறினால், மூச்சு முட்டும் வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். நம் ஊர் வெயிலில் அது முக்கியம்.

இதனால் பலன் உண்டா என்கிறீர்களா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 70 வயதான, அதற்கும் மேற்பட்ட 282 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு, கூடவே நர்ஸ் வியாதியைப் பற்றிப் பாடம் சொன்னார், பத்தியத்தை விளக்கினார்கள், வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். 1995-ல் முடிவு வெளியாயிற்று: 90 நாளில் இதே வியாதிக்காகத் திரும்பி வந்தது முதல் பிரிவில் 54 தடவை, பாடம் கேட்ட பிரிவில் 24 தடவைதான்!

நமக்குப் பக்கத்திலும் ஒரு சேதி உண்டு. திருவனந்தபுரம் ஜில்லாவில் 2013-ல் 18 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 பேரைக் கவனித்தார்கள். இருதயத் துடிப்பின் வலு குறைந்தவர்களில் கால்வாசிப் பேருக்கே வேண்டிய மருந்துகள் முழுமையாகக் கிடைத்திருந்தன. ஆகவே வீடு திரும்பும்போது, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

மதினி இப்போது காலண்டரும் பென்சிலுமாக இருக்கிறாள். போன மாதம் எண் திடீரென்று ஏறியது. அன்றே டாக்டரிடம் போனாள். மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி ராத்திரி தம் கட்டிலிலேயே நிம்மதியாகத் தூங்கினார். ஊறுகாய் ஜாடி மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது!