நிறம் போனால் காரணம் சொல்லுங்கள்: விம் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

நிரலின் சொற்களை நிறம் பிரித்துக் காட்டும் வசதி விம் எடிட்டருக்கு 1998-இல், ஐந்தாம் பதிப்போடு வந்தது. அது வெறும் அலங்காரம் என்போரை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு கான்ஃபிக் கோப்பில் மேற்கோள் குறி ஒன்றை மூடாமல் விட்டால், அடுத்தடுத்த வரிகளும் அதே நிறத்துக்கு மாறும். பிழை அங்கேயே கண்ணில் படும். நிறமில்லாத திரையில் அதே பிழை, சர்வீஸ் எழ மறுக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே டெர்மினலில் பிழைக்கும் நாங்கள், விம் பராமரிப்போர், லினக்ஸ் பேக்கேஜ் தயாரிப்போர், சர்வர் நிர்வாகிகள், கற்பிப்போர் ஆகிய எல்லோரிடமும் இவற்றைக் கேட்கிறோம்.

டெபியன், உபுண்டு இரண்டிலும் பல நேரம் முதலில் கைக்கு வருவது விம்-டைனி. நிறம் பிரிக்கும் பகுதியைச் சேர்க்காமலே கட்டிய சிறு பதிப்பு அது. அதில் ‘சின்டாக்ஸ் ஆன்’ என்று அடித்தால், அந்தக் கட்டளை இந்தப் பதிப்பில் இல்லை என்று இ319 என்ற எண்ணோடு ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். சிறு பதிப்பு இருக்கட்டும், இடம் குறைந்த கணினிகளுக்கு அது தேவை. ஆனால் முழு விம் பேக்கேஜை நிறுவினால் தீரும் என்பதையும் அதே செய்தியில் சொல்லுங்கள்.

எங்களை அதிகம் வருத்துவது அடுத்தது. 2016-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல், பயனர் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பு இல்லாதபோது மட்டுமே, விம்மோடு வரும் டிஃபால்ட்ஸ் கோப்பு ஏற்றப்படுகிறது. புதியவர் பார்க்கும் நிறம் பெரும்பாலும் அங்கிருந்து வருவது. வரி எண் வேண்டும் என்று ஒரு மாணவி விம்ஆர்சியைத் தொடங்கி, ‘செட் நம்பர்’ என்ற ஒரே வரியை எழுதிச் சேமிக்கிறாள். மறுமுறை திறந்தால் நிறம் இல்லை. அவள் எழுதிய வரி சரியானது. அதையே சந்தேகித்து அழித்து அழித்து எழுதுகிறாள். டிஃபால்ட்ஸ் ஏற்றப்படவில்லை என்று விம் முதல் தடவையாவது திரையில் அறிவிக்க வேண்டும். கற்பிப்போர் விம்ஆர்சியை அறிமுகப்படுத்தும் அன்றே ‘சின்டாக்ஸ் ஆன்’ வரியையும் எழுத வைக்க வேண்டும்.

சர்வர் நிர்வாகிகளே, லாகின் ஸ்கிரிப்டுகளில், டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறிக்கு விடி100 என்று எழுதிவைத்த பழைய வரிகளை நீக்குங்கள். அது 1978-இல் வந்த, நிறமே இல்லாத டெர்மினலின் பெயர். எடிட்டர் அதை நம்பி நிறத்தைக் கைவிடுகிறது. ‘டிபுட் கலர்ஸ்’ கொடுத்தால் 256 வர வேண்டிய இடத்தில் -1 வருவதை நீங்களே பார்க்கலாம். புதிய டெர்மினல்களின் விவரங்கள் அடங்கிய டெர்மின்ஃபோ தொகுப்பையும் முழுமையாக நிறுவுங்கள். ரூட் உரிமையோடு விம்மைத் திறந்தால் ரூட்டின் அமைப்புகள் வந்து நம் நிறம் போகக்கூடும். அதற்குப் பதிலாகப் பயிற்சிக் குறிப்புகளில் சூடோஎடிட் கட்டளை இடம்பெறட்டும். அது பயனரின் சொந்த அமைப்போடு திறக்கும்.

பெரிய கோப்புக்கு நிறமிட 2000 மில்லிசெகண்டுக்கு மேலானால், ரீட்ராடைம் என்ற நேர வரம்பு கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டே விம் நிறத்தை நிறுத்துகிறது. இந்த நேர்மையை மற்ற இடங்களிலும் கேட்கிறோம். விம்மிலிருந்து பிரிந்த நியோவிமில் ‘செக்ஹெல்த்’ கட்டளை இருப்பதுபோல, விம்மிலும் ஒரே கட்டளை போதும்: நிறப்பகுதி சேர்த்துக் கட்டப்பட்டதா, டெர்ம் மாறியில் என்ன இருக்கிறது, எத்தனை நிறங்கள், கோப்பின் வகை பிடிபட்டதா, எந்த விம்ஆர்சி படிக்கப்பட்டது என்று ஒரே திரையில் காட்டட்டும். விம்மை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023-இல் மறைந்த பின் தன்னார்வலர்களே விம்மைத் தாங்கி வருகிறார்கள், அவர்களின் நேரத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டளையை எழுதவும், வெவ்வேறு டெர்மினல்களில் சோதிக்கவும், செய்திகளைத் தமிழாக்கவும் நாங்கள் தயார்.