கட்டிக்காக நல்ல பல்லைப் பிடுங்கலாமா?

தாடையில் நீர்க்கட்டி என்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டால் பாளையங்கோட்டை முதல் பாபநாசம் வரை ஒரே பேச்சுத்தான்: "அந்த இடத்துப் பல்லை எல்லாம் எடுத்துரணும், இல்லேன்னா திரும்ப வந்துரும்."

அங்கிருக்கும் பல் எல்லாமா குற்றவாளி? அதிகம் காண்பது வேர்நுனிக் கட்டி. சொத்தை ஆழமாகியோ அடிபட்டோ நரம்பு செத்த ஒரு பல்லிலிருந்து அது கிளம்புகிறது. அந்தப் பல்லைக்கூடப் பெரும்பாலும் வேர்சிகிச்சையால் காப்பாற்றலாம். பக்கத்து வேர்கள் படத்தில் கட்டிக்குள் நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். மேல் முன்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் வரும் ஒருவகைக் கட்டியோ பல்லிலிருந்து பிறப்பதே இல்லை. கருவில் முகம் உருவானபோது மிஞ்சிய திசுவிலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு முன்பற்களைக் காவு கொடுப்பது அநியாயம்.

எந்தப் பல்லுக்கு உயிர் இருக்கிறது என்பதைக் குளிரூட்டிய பஞ்சை வைத்தே பார்க்கலாம். சுருக்கென்றால் நரம்பு வேலைசெய்கிறது. பெரிய கட்டி நரம்பை அழுத்தினால் உயிருள்ள பல்லும் சும்மா இருக்கும் என்பதால், ஒருமுறை உணரவில்லை என்று கொறடைத் தூக்கிவிடக் கூடாது.

பல்லை விட்டுவைத்தால் பெரிய கட்டியை எப்படி எடுப்பது என்பார்கள். கார்ல் பார்ட்ஷ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892லேயே வழி சொல்லிவிட்டார்: கட்டியைத் திறந்து வாய்க்குள் வடியவிடுவது. இன்று சிறு குழாய் வைக்கிறார்கள். அழுத்தம் போனதும் கட்டி சில மாதங்களில் சுருங்கி, வேரைச் சுற்றி எலும்பு வளர்கிறது. மிச்சத்தைப் பிறகு சிறு அறுவையில் எடுக்கலாம். சிறுவர்களிடம், முளைக்காத பல்லைச் சுற்றிய கட்டியைத் திறந்துவிட்டால் அந்தப் பல் தானே மேலேறி வருவதும் உண்டு.

"அந்தக் குழாயைக் கழுவ அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ காவல்கிணற்றுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ பஸ் ஏற முடியுமா?" வேண்டியதில்லை. ஊசி மாட்டாத சிரிஞ்சால் சலைன் விட்டு வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம். சொன்ன தேதியில் போய்க் காட்டினால் போதும். கழுவ அலுப்புப்படுகிறவருக்கு மட்டும் இது சரிப்படாது, சீழ் பிடித்துவிடும்.

திரும்ப வரும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. கெரட்டோசிஸ்ட் என்ற வகைக் கட்டி அப்படிப்பட்டது, உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதைப் புற்றல்லாத கழலைகளின் வரிசையில் சேர்த்து, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி வரிசைக்கே கொண்டுவந்தது. ஆனால் அது திரும்புவதற்கு முக்கியக் காரணம் உள்ளே தங்கிவிடும் மெல்லிய உறைதான். பல்லைப் பிடுங்குவதால் மட்டும் உறை வந்துவிடாது. உறை வேரோடு பின்னியிருந்தால் பல் போகத்தான் வேண்டும். அமிலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கழலையும் படத்தில் நீர்க்கட்டிபோலவே தெரிவதால், சதைத்துணுக்கைச் சோதித்த பிறகே எதையும் முடிவுசெய்ய வேண்டும். பல்லை எடுத்தாலும் விட்டாலும் ஆண்டுதோறும் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். பத்தாண்டு கழித்துத் திரும்பிய கெரட்டோசிஸ்ட்டுகள் உண்டு.