பயனாளி வரிசையில் ஆசிரியர்கள்

ராமேஸ்வரம் தீவில் பயிற்சி முகாம்களுக்குப் பஞ்சமில்லை. பேரிடர் மேலாண்மை, கடல்வளப் பாதுகாப்பு, மாற்று வாழ்வாதாரம், நெகிழி ஒழிப்பு என்று ஏதாவது ஒரு பதாகை பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கட்டப்படுகிறது. மேடையில் வெளியூரிலிருந்து வந்த வல்லுநர்; கீழே நாற்காலிகளில் கடலுக்குப் போகிறவர்கள். பேச்சு முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு குழுப் படம். நாற்பது ஆண்டு கடலோடிய ஒருவர், தன் கடலைப் பற்றி இன்னொருவர் சொல்லக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார். நெடுநாளாக நடக்கிறது என்பதாலேயே இது நியாயமாகிவிடாது. ஒரு மண்ணை அறிந்தவர்களை அந்த மண்ணைப் பற்றிய பாடத்தில் கேட்பவர்களாக மட்டுமே உட்காரவைப்பது அவமதிப்பு. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் இதில் கூட்டாளிகள்.

தீவு மக்களுக்கு அப்படி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் முதலில் காற்றிலிருந்து தொடங்கலாம். ராமேஸ்வரத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாவின் ஆழமில்லாத வடகடல். அதைப் பெண் கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடாவின் தென்கடல்; அது ஆண் கடல். வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் சாதுவான வடகடல் குமுறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். சிறுபடகுக்காரர்கள் அதற்கேற்பத் தொழிலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், எந்த மாதம் எந்த மீன் சேரும், நீரோட்டம் எப்போது திரும்பும், மேகம் எப்படித் திரண்டால் படகைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் ஒரு பருவத்தில் முடியக்கூடிய பாடம் இல்லை. செயற்கைக்கோள் சொல்லும் வானிலை அறிக்கை உயிர் காக்கிறது, அதில் ஐயமில்லை. அந்த அறிக்கையை இந்தக் குறிப்பிட்ட கரைக்குப் பொருத்திப் படிக்கிற அறிவு கரையில்தான் இருக்கிறது.

அடுத்த பாடம் தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் ஊர் அழிந்தது, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதன் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தன, வாழ்கின்றன. குடிநீருக்கு என்ன செய்கிறார்கள்? அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊறும் தண்ணீரைப் பொறுமையாகக் கோரிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். நல்ல தண்ணீர்! மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. கை ஆழத்தில் கோரினால் இனிப்பு. பேராசைப்பட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். நிலத்தடி நீரியல் பாடநூல்கள் படம் போட்டு விளக்குவதை இந்தப் பெண்கள் தினமும் காலையில் செய்கிறார்கள். தங்கும் விடுதிகள் பெருகிவரும் ஒரு தீவுக்கு இதைவிட அவசரமான பாடம் உண்டா? விடுதி கட்டும் முதலாளிகளை அந்த ஊற்றோரம் அரை நாள் உட்காரவைத்திருக்க வேண்டும். மாறாக, அந்தப் பெண்களை நீர் மேலாண்மை விழிப்புணர்வுக்கு அழைக்கிறோம்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கும் பெண்களின் கதை இன்னும் கூர்மையானது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பை கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, எதை விட்டுவைத்தால் மறுபடி தழைக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் தேசியப் பூங்காவான பிறகு இவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பாசி பறிமுதல், விரட்டல், வழக்கு. அவர்களோ தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் நிறுத்திவைப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது. இந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சீகாலஜி அமைப்பு தன் விருதை அளித்தது. தீவுகளின் பாதுகாப்புக்காகத் தரப்படும் விருது அது. கலிபோர்னியாவுக்குத் தெரிந்த தகுதி, தீவிலேயே இயங்கும் அரசுக் கல்லூரியின் வகுப்பறைக்குள் ஒரு பாடவேளையாக நுழையவில்லை என்றால் குறை யாருடையது?

சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் தீவும் குறைப்பட்ட தீவுதான். இருபத்திரண்டு தீர்த்தம், மூன்றாம் பிரகாரம், 1914ஆம் ஆண்டுப் பாலம், 2025இல் திறந்த புதுப் பாலம், கலாம் நினைவிடம், அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி. 2017இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வரும் வரை, மணலில் வண்டியோட்டத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர்களாவது வழியில் நாலு கதை சொன்னார்கள். சாலை வந்ததும் அதுவும் குறைந்தது.

தீவு மக்களே பாடம் நடத்தலாம் என்பதற்கு எழும் எதிர்வாதங்கள் நமக்குத் தெரியாதவை இல்லை. அவர்களுக்குக் கோவையாகப் பேச வராது என்பது முதலாவது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ 90.4 சமூக வானொலியைக் கேட்டவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கடற்கரை மக்கள் அதில் கடற்கரைப் பேச்சிலேயே பேசுகிறார்கள், கேட்பவருக்குப் புரிகிறது.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. கடலை அழித்ததில் கடற்கரைக்காரருக்கும் பங்குண்டு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய பிறகுதான் அந்தத் தொழில் ஒடுங்கியது. இழுவை மடி கடலடியை வழித்தெடுப்பது இன்றும் தொடர்கிறது. இதையெல்லாம் மூடிமறைத்து ‘பாரம்பரிய அறிவு’ என்று கற்பூரம் காட்ட வேண்டியதில்லை. பாறை வெட்டியவரையே வகுப்புக்கு அழைக்கலாம். எங்கே வெட்டினோம், அங்கே எந்த மீன் இல்லாமல் போனது என்று அவரைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யார்? தவறிழைத்தவர் பாடம் சொல்லக்கூடாது என்ற விதியை வைத்தால், இந்தக் கடலுக்குத் திட்டம் தீட்டிய பல துறைகளும் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

இது நடைமுறைக்கு ஆகாது என்பவர்கள் ஹவாய்த் தீவுகளைப் பார்க்கலாம். 1978இல் அங்கு திருத்தப்பட்ட மாநில அரசமைப்பு, பொதுப் பள்ளிகளில் ஹவாய் மண்ணின் மொழி, பண்பாடு, வரலாறு ஆகியவற்றுக்கான கல்வித் திட்டத்தைக் கட்டாயமாக்கியது; அதற்கு ஊர் மக்களின் தேர்ச்சியைப் பயன்படுத்துவது இன்றியமையாத வழி என்றும் எழுதிவைத்தது. அதன்படி ஊர்ப் பெரியவர்கள் தொடக்கப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களானார்கள். அந்தத் திருத்தத்துக்கு இரண்டு ஆண்டு முன்புதான், மைக்ரோனேசியாவின் சத்தவால் என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், எந்தக் கருவியும் இல்லாமல் விண்மீனையும் அலையையும் பார்த்தே ஹோக்குலேயா என்ற இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து தஹீத்திக்குச் செலுத்திக் காட்டியிருந்தார். ஹவாய்க்காரர்கள் அந்தக் கலையைத் தொலைத்திருந்தார்கள். அயலார்க்குக் கற்பிப்பது தன் ஊர் வழக்கத்துக்கு விரோதம் என்று தெரிந்தும் அவர் கற்பித்தார். அவரிடம் கற்ற நைனோவா தாம்சன் 1980இல் தானே வழி கண்டு தஹீத்திக்குப் போய்த் திரும்பினார். இன்று அந்தக் கலை ஹவாயின் கல்லூரிகளில் பாடம். யாரும் மாவிடம் பட்டச் சான்றிதழ் கேட்டுக் காத்திருக்கவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமலா? 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உள்ளூராட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்களின் அறிவைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. எழுதிக்கொள்வதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆய்வு மாணவர் கையில் கேள்வித்தாளுடன் வருகிறார், மீனின் பெயரையும் காற்றின் பெயரையும் குறித்துக்கொள்கிறார், முனைவராகிறார். சொன்னவர் நன்றியுரையில் ‘உள்ளூர் மீனவர்கள்’ என்ற பெயரில்லாக் கூட்டமாகிறார். அறிவை வாங்கிக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்துவதற்குத் திருட்டு என்ற பெயர் சற்றுக் கடுமையாக இருக்கலாம். அதைவிட மென்மையான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

கதவு திறந்தே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 15 ஆண்டு அனுபவம் கொண்ட துறை வல்லுநர்களை, பட்டங்களை வற்புறுத்தாமல், நடைமுறைப் பேராசிரியர்களாக நியமிக்கலாம். அனுபவம் மூத்த பொறுப்பில் பெற்றதாக இருப்பது விரும்பத்தக்கது என்றும் அதில் உண்டு. முப்பது ஆண்டாக மூழ்கியெடுத்த பெண் கடலில் எந்தப் பொறுப்பு வகித்தார் என்று தேர்வுக் குழு கேட்கும்; நிறுவன மேலாளர் ஒருவர் எளிதாக உள்ளே போவார். இந்த வழியில் ஒரு கடலோடியையாவது நியமித்துக் காட்ட கடல்சார் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களுக்குத் துணிவிருக்கிறதா?

கேட்பது பெரிய காரியம் இல்லை. தீவின் காற்று, தண்ணீர், பாசி, புயல், பாரின் அழிவு ஆகியவற்றைத் தீவு மக்களே நடத்தும் ஒரு தொடர் வகுப்பு. ஊர்ப் பிள்ளைகளுக்கும் புதிதாகப் பணிக்கு வரும் அதிகாரிகளுக்கும் அது கட்டாயமாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் பணம் கட்டிப் படிக்கட்டும். இதே மாவட்டத்தின் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் பயணிகளைப் படகில் அழைத்துச் சென்று காட்டுவது வனத்துறையோடு சேர்ந்த ஊர் மக்கள்தான். எனவே நிர்வாகத்துக்கு இது புதிய கலையும் இல்லை. பாடம் எடுப்பவருக்கு வெளியூர் வல்லுநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் தரவேண்டும், வங்கிக் கணக்கில். சால்வையும் கேடயமும் வேண்டாம். அவர்கள் வீடுகளில் அவற்றை வைக்க இடமில்லை.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள், பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் அடுத்த தடைக்காலத்துக்கான பயிற்சி நிதியை ஒதுக்கும்போது, ‘பயிற்றுநர்’ என்ற கட்டத்தில் சின்னப்பாலத்துப் பெயர்களை எழுதட்டும். ‘பயனாளிகள்’ என்ற கட்டத்தில் துறை அலுவலர்களின் பெயர்களை எழுதலாம்.