ஊர் திரும்பிய சிப்பாயை யார் கேட்கிறார்கள்?



போரில் உயிர்விட்ட வீரருக்கு ஊரே கூடி மாலை போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு திரும்பி வந்து, பெண்டாட்டி பிள்ளைகளைக் கரையேற்றி, வயதாகித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பட்டாளத்துக்காரரை மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக மனசில் உறுத்துகிறது.

சாதாரண சிப்பாயை விடுங்கள். ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவுக்கே இந்தக் கதிதான். 1914-ல் அமிர்தசரஸில் பிறந்த பார்சிக்காரர், ஆனால் ரிட்டயர் ஆனபின் கடைசிவரை வாழ்ந்தது நம்ம குன்னூரில். 1942-ல் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பக்கம் ஜப்பான்காரர்கள் சுட்டதில் உடம்பெல்லாம் குண்டு. பிழைக்க மாட்டார் என்று நினைத்து, மிலிட்டரி கிராஸ் பதக்கத்தைப் போர்க்களத்திலேயே குத்தினார்களாம். அவரைத் தூக்கி வந்து டாக்டரிடம் சேர்த்தது சேர்சிங் என்கிற சிப்பாய். என்னாச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம். அந்த நிலையிலும் குறும்பைப் பாருங்கள்!

1971 டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது நம் தரைப்படைத் தளபதி அவர்தான். சுமார் 93 ஆயிரம் பேர் கைதானார்கள். அந்த ஊர்ப் பெண்கள் மேல் ஒரு விரல்கூடப் படக்கூடாது என்று தன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொன்னவர் என்பார்கள். எனக்கு அந்த வெற்றியைவிட இது பெரிசாகத் தெரிகிறது.

1939-ல் சில்லூ அம்மாவைக் கல்யாணம் செய்தார். இரண்டு பெண் பிள்ளைகள். 2001-ல் அந்த அம்மா போகும்வரை 62 வருஷக் குடித்தனம். 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் 94 வயதில் அவர் இறந்தபோது, ஊட்டியில் மனைவியின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். டெல்லியிலிருந்து பெரிய தலைகள் வரவில்லையே என்று அப்போதே பலர் வருத்தப்பட்டார்கள். ஃபீல்டு மார்ஷலுக்கு ஆயுசுக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அவருக்கு முழுசாக வந்து சேரவே இல்லை. நம்ம அப்துல் கலாம் ஐயா ஜனாதிபதியாக இருந்து முயற்சி எடுத்த பிறகுதான், 2007-ல் பாக்கி ஒரு கோடிக்கு மேல் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 93! அந்த வயசில் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவருக்கே அப்படி என்றால், நம் கிராமத்து ஹவில்தாருக்கு?

எங்க மாமா (கணவரின் அப்பா) மெட்ராஸ் ரெஜிமென்ட். அதே வெலிங்டனில்தான் டிரெயினிங். எண்பதுகளில் ஊர் திரும்பியவர், வாட்ச்மேன் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். விடியுமுன் எழுந்து அடிபைப்பில் தண்ணீர் அடித்து, அத்தைக்குக் குடம் குடமாகத் தூக்கி வந்து வைப்பார். "பெண்டாட்டிக்குக் குடம் தூக்குறான் பாரு" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் கண்டுகொண்டதே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கடைசிவரை அவரே கழுவினார். ஊரில் அவரைத் தேடி வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், "கேன்டீன் சரக்கு இருக்கா?" எங்கே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அவர் இறந்தபின் அத்தைக்குக் குடும்ப பென்ஷன் வாங்க ஏழு மாதம் அலைந்தோம். மாமாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அத்தை பெயரில் ஓர் எழுத்து வேறு, ஆதாரில் வேறு. பிறந்த தேதி புத்தகத்தில் எழுதவே இல்லை. ஒரு அலுவலகத்தில், "இந்தப் பெயர் உங்க பெயர்தான்னு என்ன நிச்சயம்?" என்று அத்தையைப் பார்த்தே கேட்டார்கள். ஐம்பது வருஷம் அந்த மனுஷனோடு வாழ்ந்தவளிடம்!

"மிலிட்டரிக்காரனுக்கு என்ன குறை, பென்ஷன் வருது" என்று சிலர் சொல்வார்கள். வருகிறதுதான். அவர் இருக்கும்வரை. அவருக்குப் பிறகு மனைவிக்கு வருவது அந்த நாலு காகிதத்தில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பட்டாளத்து அப்பாவோ மாமாவோ தாத்தாவோ இருந்தால், அவர் பெட்டியை அவரையே திறக்கச் சொல்லுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் உத்தரவிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 80 வயது முடிந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடும், விதவைக்கும் அது உண்டு. தேதி பதிவில் இல்லையென்றால் அதற்கும் அலைச்சல்தான். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுப்பதை மறக்க வேண்டாம். விவரம் கேட்க மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அப்படியே பெட்டியில் இருக்கும் மெடலைக் கையில் எடுத்து, இது எதற்குக் கொடுத்தது என்றும் கேளுங்கள். அன்றைக்குச் சமையல் கொஞ்சம் லேட்டாகும், பரவாயில்லை.

எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பட்டாளத்துத் தாத்தாக்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுப் பாட்டியின் பிறந்த தேதி, புத்தகத்தில் வெறும் கோடாகக் கிடக்கிறது. வருகிற திங்கட்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறப் போகிறேன்.

- ஓர் இல்லத்தரசி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.