தனியுரிமையும் தனியுடைமையும்

ஓர் எழுத்துப் பிழையிலிருந்து தொடங்குகிறேன். கட்சி ஆவணம் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தபோது நான் எழுதியிருந்த 'தனியுரிமை' என்னும் சொல், தட்டச்சாகி வந்த தாளில் 'தனியுடைமை' என்று ஆகியிருந்தது. 'மக்களின் தனியுடைமையைக் காக்கப் போராடுவோம்' என்று கம்யூனிஸ்டுகளின் ஏட்டிலேயே வந்திருந்தால் எதிரிகள் ஓராண்டுக்குச் சிரித்திருப்பார்கள். மெய்ப்புப் பார்க்கையில் கண்ணில் பட்டதால் மானம் தப்பியது.

தாளில் திருத்திவிட்டோம், தோழர்கள் சிலரது எண்ணத்தில் அப்பிழை இன்னும் அப்படியே கிடக்கிறது. அண்மையில் சித்தூர் வட்டத்தில் நடந்த கட்சி வகுப்பொன்றில், சமூக ஊடகங்களில் தனிப்பட்ட தகவல்களைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தது. என்னைவிட மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "பூட்டு வேண்டியது பெட்டியில் பணம் இருப்பவனுக்கு. தோட்டத் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் மறைக்க என்ன இருக்கிறது? தனியுரிமை என்பதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் கவலை. நாம் பகிரங்கமாக அரசியல் நடத்துகிறவர்கள்" என்றார். வகுப்பில் பாதிப்பேர் தலையசைத்தனர். அத்தோழர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அக்கருத்தின் மீது இல்லை.

மறைக்க ஒன்றுமில்லாதவரிடம் எடுக்கவும் ஒன்றுமில்லை என்றால், மெட்டா நிறுவனம் எதைக் கொண்டு கொழுக்கிறது? 2023ஆம் ஆண்டில் அதன் வருவாய் 13,000 கோடி டாலருக்கும் மேல். அதில் நூற்றுக்கு 97 பங்கு விளம்பரத்தால் வந்தது. முகநூல் பார்க்க நாம் காசு கொடுப்பதில்லை. யார் எதைப் பார்க்கிறார், எங்கே இருக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை வாங்கக்கூடும் என்பதைத் திரட்டி, அதன் துணையால் நம் கவனத்தை விளம்பரக்காரனுக்கு விற்பதே அத்தொழில். மூணாறில் பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வரும் பெண் இரவில் கைப்பேசியைத் திறக்கும் அரைமணி நேரமும் அதற்குக் கச்சாப்பொருள். தோட்டத்திலாவது எடை போட்டுக் கூலி கொடுக்கிறார்கள். இங்கே எடையும் இல்லை, கூலியும் இல்லை. உபரியைப் பற்றி வகுப்பெடுக்கும் நாம் இதை நடுத்தர வர்க்கத்தின் கவலை என்று ஒதுக்குவது வியப்புக்குரியது.

பகிரங்க அரசியல் என்ற வாதத்தையும் பார்ப்போம். 1924ஆம் ஆண்டின் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் தோழர் சிங்காரவேலர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக்கு நிறுத்தப்படவில்லை. டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் நான்காண்டுச் சிறை. அரசுத் தரப்பின் கையிலிருந்த முதன்மைச் சான்று, தபாலில் இடைமறித்துப் பிடித்த கடிதங்கள். அன்று வெள்ளை அரசின் உளவாளி உறையைப் பிரித்துப் படியெடுத்து மீண்டும் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று உறையே போடாமல் நாமே அனுப்புகிறோம். அது பழங்கதை என்பவர்கள் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை நினைத்துக்கொள்ளட்டும். அவரது கணினியில் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தன என்று ஆர்சனல் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் கண்டறிந்த செய்தி 2022 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 5 அன்றே, பிணை கிடைக்காமல், நீதிமன்றக் காவலில் அவர் இறந்துவிட்டார்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நான் எழுத வந்தது இதைத்தான்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் லயங்களிலும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களிலும் தமிழ்த் தொழிலாளிக்கு அரசு என்பது பெரும்பாலும் ஒரு மலையாளப் படிவம். தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை மொழிச் சிறுபான்மையினருக்குக் கேரளச் சட்டத்தில் உண்டு. அது அலுவலக வாசலைத் தாண்டி வருவது அரிது. ஆகவே அவர் கட்சித் தோழரிடம் வருகிறார். "அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறோம் நாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவமனைச் சீட்டு, சாதிச் சான்றிதழுக்காகத் தேடியெடுத்த பாட்டன் காலத்துத் தாள் எல்லாம் வந்து சேர்கின்றன. மலையாளம் எழுதத் தெரிந்தவருடைய தாள்கள் நேரே அலுவலகத்துக்குப் போகின்றன. தமிழ் மட்டுமே தெரிந்தவருடையவை பல கைகளைக் கடந்தே போகின்றன. அக்கைகளில் ஒன்று நம்முடையது.

ஒரு கிளையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். வீட்டுத் திட்ட விண்ணப்பத்துக்காக முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஆதார் அட்டைப் படங்கள் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தன. குழுவில் இருநூறுக்கும் அதிகமானோர். கட்சியை விட்டு விலகியோர், கம்பத்துக்கும் போடிக்கும் குடிபெயர்ந்தோர், எவரென்றே எவருக்கும் தெரியாதோர் என்று பலர். தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையாளர் ஒருவரும் இருந்தார். கிளைச் செயலாளரிடம் கேட்டேன். "வாட்ஸ்அப்பில் எல்லாம் பூட்டித்தானே தோழர் போகிறது" என்றார். உண்மைதான், 2016 முதல் செய்திகள் அனுப்புவோர் கையிலிருந்து பெறுவோர் கைவரை பூட்டியே செல்கின்றன. ஆனால் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. இருநூறு சாவி உள்ள பூட்டைப் பூட்டென்று சொல்வதா? அன்றிரவே அவர் படங்களை அழித்தார். அதற்குள் அவை எத்தனை கைப்பேசிகளில் சேமிக்கப்பட்டன, எங்கெல்லாம் அனுப்பப்பட்டன என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அதே குழுவில் பெண் தோழர்களின் எண்கள் அனைவருக்கும் தெரியும்படி இருந்தன. முன்பின் அறியாத எண்களிலிருந்து இரவில் அழைப்பு வரவே ஒரு பெண் தோழர் குழுவை விட்டு வெளியேறினார். கிளைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'செயலற்றவர்' என்று குறிக்கப்பட்டிருந்தது. இதைவிடக் கூர்மையாக நம்மை எவரும் விமர்சிக்க இயலாது.

லயத்தில் கதவைத் திறந்தால் அடுத்த வீடு. பேச்சு சுவரைத் தாண்டும். அங்கே அந்தரங்கம் ஏது என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்த வாழ்வைத் தொழிலாளிக்குத் தந்தது தோட்ட முதலாளி. முதலாளி மறுத்த ஒன்று அவருக்குத் தேவையே இல்லை என்று முடிவுகட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? 2015 செப்டம்பரில் மூணாறில் போனசுக்காகச் சாலையில் அமர்ந்த தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே அண்டவிடவில்லை. நம்பிக்கை போனபின் என்ன நேரும் என்பதை இம்மலையில் உள்ளவர்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தகவல் ஒருவருடையது மட்டுமாக இருப்பதும் இல்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது முகநூல் நிறுவனமே தந்த கணக்கு இது: இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர், தகவல் பறிபோயிருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ 5.62 லட்சம் பேர். 335 பேரின் விரல் ஒரு பொத்தானைத் தொட்டது. அவர்களின் நண்பர்கள் எவரையும் எவரும் கேட்கவில்லை. கடன் செயலிகள் இதே வழியைத்தான் இன்னும் கொடூரமாகக் கையாள்கின்றன. கடன் வாங்கியவரின் கைப்பேசியிலுள்ள எண்கள் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, தவணை தவறினால் உருமாற்றிய ஆபாசப் படங்களை உறவினர்க்கெல்லாம் அனுப்புகின்றன. எர்ணாகுளம் மாவட்டம் கடமக்குடியில் 2023 செப்டம்பரில் ஒரு குடும்பமே அழிந்ததன் பின்னணியில் பேசப்பட்டது இத்தகைய மிரட்டல்தான். கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே கூறிவிட்டது. ஆனால் உரிமமே இல்லாமல் இயங்குபவனுக்கு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை எம்மாத்திரம்? லயத்தில் ஒருவர் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கினால் லயம் முழுவதன் எண்களும் அடகுக்குப் போகின்றன.

அரசு காக்கும் என்று நம்பலாமா? ஆதார் நகலை எவரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று எச்சரித்தது. மே 29 அன்று ஒன்றிய அரசு அந்த எச்சரிக்கையையே திரும்பப் பெற்றது. இரண்டு நாள் உண்மை பேசியதற்கு அவ்வளவு அவசரத் திருத்தம்! தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபின், ஆறாண்டு கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தான் விரும்பும் எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதன் 17ஆம் பிரிவில் ஒன்றிய அரசு தனக்கே எடுத்துக்கொண்டது. நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அது அரசுக் கருவூலத்துக்குப் போகும், தகவல் இழந்தவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. இதே சட்டத்தைக் கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லியே அதிகாரிகள் கதவடைக்க வழி செய்தார்கள். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாத அவகாசம்.

மோடி அரசை மட்டும் சாடிவிட்டு எழுதுகோலை மூடிவிட முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு நோய்க் கண்காணிப்பிலிருந்த மக்களின் உடல்நலத் தகவல்களை ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் ஏற்றியது. சட்டத்துறையைக் கலந்துகொள்ளவில்லை. ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆள் அடையாளத்தை நீக்கியபின்பே தகவல்களைத் தர வேண்டும், மக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்று கட்டளையிட்டது. மே மாதம் அரசு தகவல்களை சி-டிட் வசம் மாற்றியது. நோக்கம் நல்லது, அவசரம் உண்மையானது என்றார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆதார் படங்களைக் குழுவில் போட்ட கிளைச் செயலாளரும் அதே இரண்டைத்தான் சொன்னார்.

அப்படியானால் சமூக ஊடகங்களை விட்டே வெளியேறுவோம் என்கிறார்கள் இளந்தோழர்கள் சிலர். மக்கள் அங்கே இருக்கையில் நாம் எங்கே போவது? செய்ய வேண்டியவை எளியவை. எவருடைய அட்டையும் குழுவில் வரக்கூடாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டும், வேலை முடிந்ததும் இரு பக்கமும் அழித்துவிட வேண்டும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்; அது போதுமான இடத்தில் முழு எண்ணைத் தரவே கூடாது. உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் கைப்பேசிக்கு வெளியே, நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். உதவி பெறுவோரின் முகத்தை முகநூலில் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். அரிசிப் பையுடன் நிற்கும் மூதாட்டியை எவரும் கேட்டுப் படமெடுத்ததாக நான் கண்டதில்லை. பெண் தோழர்களின் எண் யார் யாருக்குத் தெரியலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கோரிக்கையாக எழுப்ப வேண்டியது ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளின்படி, தகவல் கேட்கும் அறிவிப்பையும் ஒப்புதல் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட வேண்டும். தமிழ் எட்டாம் அட்டவணை மொழி. குறையுள்ள சட்டம்தான்; எனினும் இந்த ஒரு வரி லயத்துத் தமிழருக்குக் கைகொடுக்கும். படிக்க முடியாத தாளில் வைத்த கைநாட்டை நாம் என்றும் ஒப்புதலாக ஏற்றதில்லை. படிக்க முடியாத திரையில் தொட்ட விரலுக்கும் அதுவே நியாயம். இம்மலையிலும் சமவெளியிலும் உள்ள பஞ்சாயத்துகளிலும் அட்சயா மையங்களிலும் இதை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.

அவ்விரு பிரிவுகளையும், கிளைகள் பின்பற்றத்தக்க குறிப்புகளையும் இரண்டு பக்கத்தில் தமிழாக்கி வைத்திருக்கிறேன். வேண்டும் கிளைகள் இவ்வேட்டின் அலுவலகத்துக்கு எழுதினால், அச்சிட்ட தாளாகவே தபாலில் அனுப்பப்படும்.